வாயுக்குத்துக்கு எழுதிய பொருள்

இந்தக் காலத்து ஆட்கள் ஒரு பிழையைச் செய்துவிட்டால் மன்னிப்புக் கேட்பதில்லை. கூட்டம் வைக்கிறார்கள். கதிரை போட்டு, மைக் கட்டி, ஆளுக்கொரு ரோல்ஸும் சோடாவும் தந்து, கருத்தைச் சொல்லுங்கள் என்கிறார்கள். ரோல்ஸைத் தின்றவனுக்குப் பிறகு வாய் எழும்புமா?

ஆரையம்பதியில் எங்கள் மீனவர் சங்கக் கட்டடத்தில் அப்படியொரு கூட்டம் நடந்தது. நோயாளிகள் வாயால் சொல்லும் வருத்தப் பெயர்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளும் ஒரு எண்ணும் போட்டு, ஆஸ்பத்திரிகளுக்குப் பட்டியலாகக் கொடுக்கிறார்களாம். முதற்பட்டியல் வந்து இரண்டு வருடம். இப்போது திருத்துவதற்குச் சொல் பொறுக்க வந்திருந்தார்கள். பொறுப்பாளன் யோகராசா. அவனை நாலு பேருக்கு முன்னால் தலைகுனிய வைக்கத்தான் நான் போனேன்.

போன வருடம் என் மனைவி சீதேவி ஆஸ்பத்திரியில் "வாயுக்குத்து" என்று சொன்னாள். தாதி மேசையில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள். 'வாயுக்குத்து: வயிற்றில் காற்று நிற்றல். அவசரமில்லை.' எண்ணைக் குறித்துக்கொண்டு, சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருக்கச் சொன்னாள். சீதேவி இருந்தாள். எங்கள் முறை வர முன்னம் அப்படியே சரிந்தாள். மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். பட்டியலின் அடியில் தொகுத்தவனின் பெயர் இருந்தது: யோகராசா. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்தப் பெயரை வாசிக்க அது போதும்.

கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தேன். கஜானி என்றொரு பிள்ளை, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவளாம், லெப்டொப்பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்பு, மீன் பிடிக்கிற ஆக்களுக்கு வாற வருத்தம் ஏதும் சொல்லுங்களன்."

மூன்று சொன்னேன். தோணிச்சூலை, கம்பு ஊன்றி ஊன்றி இடுப்பில் வருவது. வலைச்சொறி, விரல் இடுக்கில் வருவது. உப்புக்கிறுதி, வெயிலில் வாவிக்குள் நின்றுவிட்டுக் கரையேறும்போது தலை சுற்றுவது. கடைசிச் சொல் எங்கள் ஊரில் உள்ளதுதான். மற்ற இரண்டும் கூட்டத்துக்கு முதல் நாள் கிழிந்த வலையைப் பொத்தும்போது நானே கட்டியவை.

யோகராசாவுக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா, இதுதான் மண்ணின்ட சொல்!" என்றான். மூன்றுக்கும் எண் விழுந்தது. பக்கத்தில் இருந்தவனிடம்கூட ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

"மறுகா ஒண்டு இரிக்கு தம்பி. வாயுக்குத்து."

"அது முதலே இரிக்கு அண்ணன். வயித்துக்குள்ள வாயு."

"எங்கட பக்கம் நெஞ்சுக்குள்ள குத்தினாலும் அதான் பேர்."

"ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் வைக்கலாம் அண்ணன். ரெண்டு வெச்சா பட்டியல் குழம்பிப் போயிரும்."

"பட்டியல் குழம்பக் கூடாதெண்டுதான் என்ட பொஞ்சாதி செத்தவளா?"

எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சீதேவி சொன்ன சொல், தாதி பார்த்த கடதாசி, வாங்கு, அடியில் இருந்த பெயர். யோகராசா மைக்கைக் கீழே வைத்தான்.

"நான் வாவிக்கு அங்கால, படுவான்கரை ஆள் அண்ணன். எங்கட அம்மாவுக்கு வயிறு ஊதினா வாயுக்குத்தெண்டுதான் சொல்லுவா. எல்லா இடமும் அப்பிடித்தானெண்டு..."

"வாவிக்கு இங்கால வந்து ஒரு ஆளிட்டயாவது கேட்டியா?"

"இல்ல."

அந்தச் சொல்லை வாங்கத்தான் போனேன். ஆனால் வாங்கிய பிறகும் எனக்கு ஆறவில்லை.

"அப்ப இதையும் கேளு. நான் இப்ப சொன்ன மூண்டில ரெண்டு பொய். நீ மூண்டுக்கும் நம்பர் போட்டுட்டாய்."

பின்வரிசையில் இருந்து எங்கள் சங்கத்து வினாயகமூர்த்தி கத்தினான். "தோணிச்சூலைக்கு என்ன நம்பர் புள்ள? எனக்கும் அதான், மருந்து தா!"

சபை வெடித்துச் சிரித்தது. யோகராசாவின் காது சிவந்து போனதைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"எது பொய்யெண்டு சொல்லுங்க அண்ணன். பிழையான சொல் உள்ள போகக்கூடாது."

"வீடு வீடாப் போய்க் கேளு. என்ட வீட்டில மட்டும் கேளாத. அங்க சொல்லுறதுக்கு ஆள் இல்ல."

கஜானி லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மாத்திட்டன் அப்பு. வாசிச்சுப் பாருங்க."

எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'வாயுக்குத்து: நெஞ்சா, வயிறா என்று கேட்கவும். நெஞ்சென்றால் உடனே வைத்தியரிடம்.' பிழை சொல்ல முடியாது.

"இது எப்ப ஆஸ்பத்திரி மேசைக்கு வரும்?"

"மேல அனுமதி கிடைச்ச உடன."

"ஆர் அந்த மேல?"

அவள் யோகராசாவைப் பார்த்தாள். "கட்டாயம் வரும் அண்ணன். நான் பொறுப்பு," என்றான் அவன்.

"போன முறையும் நீதானே பொறுப்பு?"

வாசலில் கிடந்த செருப்புக் குவியலுக்குள் என்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். அண்ணன், அண்ணன் என்று பின்னால் கூப்பிட்டான். அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்ததாக வினாயகமூர்த்தி பிறகு சொன்னான். இருக்கலாம். நான் நம்பவில்லை, நடந்துகொண்டே இருந்தேன்.