பூட்டிய வீட்டுக்கு அடுத்த வீடு

பேராசிரியைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, சதவீதக் கணக்கு வந்து விழும். வீட்டிலும் அப்படித்தான். வாக்குவாதம் என்றால் அவர் கணவர் பாத்திரம் கழுவப் போய்விடுவார். கணவரின் தங்கை, அதாவது நாத்தனார், மட்டும் இடத்தை விட்டு அசையமாட்டாள்.

சமூக அறிவியல் துறையில் பேராசிரியையின் சொல்லுக்குத் தனி மதிப்பு. அரசு எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும் பத்திரிகைக்காரர்கள் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் மாணவர்களை அனுப்பி வடக்குக் குடியிருப்பில் நானூறு வீடுகளில் விசாரித்தார். விடிவதற்கு முன் கிளம்பும் முதல் பஸ்ஸில் ஏற அங்கே அநேகமாக ஆளே இல்லை, அந்தச் செலவில் பகலில் இரண்டு பஸ் விடலாம் என்று பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார். போக்குவரத்து அலுவலகத்துக்கு வாயெல்லாம் பல். மாதப் பாஸ்காரர்கள் ஏறும் பஸ் என்பதால் டிக்கெட் வசூலில் அது எப்போதுமே நோஞ்சான். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் பேராசிரியை வந்து நாலு வார்த்தை சொன்னால் போதும், பஸ்ஸை நிறுத்திவிடலாம்.

நாத்தனார் இருப்பது அதே வடக்குக் குடியிருப்பில். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வரும் நோயாளிகளுக்கு முன்னால் அவள் போய்க் கூடத்தைத் திறந்தாக வேண்டும். முதல் பஸ் போனால் காலை ஷிஃப்ட் போகும். மதிய ஷிஃப்டுக்கு மாறினால், பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. வேலையையே விட வேண்டியதுதான்.

கட்டுரை வந்த அன்றே அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் கூட்டம் பிதுங்குகிறது என்றாள். ஒருத்தருடைய அனுபவத்தை வைத்து ஊரை அளக்க முடியாது, அதிலும் சொந்தக்காரர்கள் பேச்சை ஆய்வில் சேர்ப்பது முறையே இல்லை என்று பேராசிரியை வகுப்பெடுத்தார்.

"சரி அண்ணி, உங்களுக்குச் சொந்தமாப் போனது என் தப்புதான்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டவள், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

புதன்கிழமை பேராசிரியைக்குக் காய்ச்சல். பகலில் வீட்டில் இருப்பதே அவருக்குப் புதுசு. பதினோரு மணி வாக்கில் அழைப்பு மணி அடித்தது. ஏதோ சோப்புக் கம்பெனிக்காக வீடு வீடாகக் கேள்வி கேட்டு வரும் ஒரு பெண். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்.

"அந்த வீடுதான் மேடம் என் கணக்குல இருந்துச்சு. பூட்டியிருந்தா அடுத்த வீட்டுல கேட்டுக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள் அவள்.

துணி துவைப்பது பற்றி மூன்று கேள்விக்குப் பதில் சொன்ன பேராசிரியை, நாலாவது கேள்வியைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். பூட்டிய வீட்டுக்குப் பதில் அடுத்த வீடு. அவரே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதி அது. அவர்களும் பத்து மணிக்குப் போய் மூன்று மணிக்குள் திரும்பினார்கள். முதல் பஸ்ஸில் போனவர்களின் கதவில் அந்த நேரத்தில் பூட்டுதான் தொங்கியிருக்கும். வேலைக்குப் போனவர்களை விட்டுவிட்டு, வீட்டில் இருந்தவர்களைப் பார்த்து வெளியே போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்! அவருக்கு அவமானமாக இருந்தது. நாத்தனாருக்கு எடுத்த வகுப்பை நினைத்தால் இன்னும் அவமானம்.

துறைத் தலைவருக்குப் போன் போட்டார். அவர் பதறவில்லை. இப்போது வாயைத் திறந்தால் துறையின் மானம் கப்பலேறிவிடும், அடுத்த ஆய்வில் ஓர் அடிக்குறிப்பு போட்டுச் சரிக்கட்டலாம் என்றார். அடுத்த ஆய்வு வருவதற்குள் பஸ் போயிருக்கும் என்பதை அவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியை கூட்டத்துக்குப் போனார். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒவ்வொருவர் முன்னாலும் அவர் கட்டுரையின் நகல். தன் ஆய்வில் எங்கே தவறு நடந்தது என்று எழுந்து நின்று விளக்கினார். சதவீதம் எதுவும் வாயில் வரவில்லை.

போக்குவரத்து அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இப்படின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

சோப்புக் கம்பெனிப் பெண்ணைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். பேராசிரியை தப்பிக்கப் பார்க்கவில்லை.

"என் நாத்தனார். அவங்க அந்த பஸ்லதான் வேலைக்குப் போறாங்க. கட்டுரை வந்த அன்னிக்கே வந்து சொன்னாங்க. நான்தான் காதுல போட்டுக்கல."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ஒரு சொந்தக்காரர் பேச்சை நம்பி முடிவெடுக்கச் சொல்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். பேராசிரியை நாத்தனாருக்கு எடுத்த வகுப்பையே அவருக்கு எடுத்தார்.

"முடிவெடுக்க வேண்டாம் சார். ஒரு காலையில போய் ஏறிப் பாருங்க, போதும்."

யாரும் போய் ஏறுவதாகச் சொல்லவில்லை. முணுமுணுத்துக்கொண்டே முடிவை ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள், அதற்குள் ஒழுங்காக எண்ணிக் கொடுக்கும் பொறுப்பை அவர் தலையிலேயே கட்டினார்கள். வெளியே வந்ததும் பேராசிரியை நாத்தனாருக்குப் போன் செய்தார். நடந்ததையெல்லாம் சொன்னார், மன்னிப்பும் கேட்டார்.

"நாளைக்கு வந்து எண்ணுங்க அண்ணி. ஆனா கையில பேப்பர் பேனாவெல்லாம் வேணாம். ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சாத்தான் நிக்கவே முடியும்."