உலை வைக்கச் சொல்லும் சத்தம்

என் தங்கை கத்தரின் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு பெரிய எண்ணம்.

அவள் கணவன் அலெக்சாண்டர் விமானி. ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். எப்படியோ விமானம் ஓட்டப் படித்து, ஈப்போவில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு தவ்கேயின், சீன முதலாளியின், சொந்த விமானத்தை ஓட்டினான். அதே விமானத்துக்கு நான் மெக்கானிக். ஒற்றை இஞ்சின், டர்போ வைத்தது, பறக்கும்போது சக்கரங்களை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். எழுபத்தொன்பதில் எங்கள் ஊரில் அதைவிட வேகமான தனியார் விமானம் கிடையாது. தவ்கே முன்னிருக்கையில் உட்கார்ந்து வேகமுள்ளையே பார்த்துக்கொண்டு வருவார். முள் ஒரு கோடு இறங்கினால் அவர் முகம் கோணிவிடும். பினாங்கிலிருந்து வந்தால் நேராக இறங்கவும் விடமாட்டார். மற்ற தவ்கேகள் நிமிர்ந்து பார்க்க வேண்டுமாம். ஊருக்கு மேலே அதே வேகத்தில் போய், லகாட் பக்கம் சுற்றி வந்துதான் இறங்க வேண்டும்.

அந்த விமானத்தில் முக்கியமான கைப்பிடிகள் இரண்டு. த்ராட்டில், இஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்துக்கு. நீலக் குமிழ் வைத்த புரொப்பெல்லர் கைப்பிடி, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதற்கு. தவ்கே இருந்தால் அழுத்தம் முப்பத்திரண்டு அங்குலம், இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று. தனியாக வந்தால் அலெக்சாண்டர் இருபத்தாறு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வான். மூன்று நிமிஷம் பிந்தினால் குடியா முழுகிவிடும் என்பான்.

புந்தோங்கில் இருந்த அவன் வீட்டுக்கு மேலே வந்ததும் இரண்டு கைப்பிடிகளையும் சற்றே இழுப்பான். இரைச்சல் தணியும். கீழே கத்தரின் அதைக் கேட்டு உலை வைப்பாள். அவன் இறங்கி, விமானத்தைக் கட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர்வதற்கும் சோறு வடிப்பதற்கும் சரியாக இருக்கும். புந்தோங்கில் எந்தப் பெண்ணுக்கும் வானத்திலிருந்து தகவல் வராது என்று அவளுக்கு ஒரே பெருமை.

தவ்கே கூட வரும் நாளில் மட்டும் தகவல் வராது. த்ராட்டிலைக் குறைத்தால் முள் இறங்கும், திட்டு விழும்.

"தவ்கே பக்கத்துல இருந்தா இவருக்குப் பொண்டாட்டி ஞாபகம் எங்க வரும்?" என்று அவள் கேலி செய்வாள். அவன் என்னிடம் வந்தான்.

"மச்சான், வேற வழி இருக்கா?"

"த்ராட்டிலத் தொடாத. நீலத்த மட்டும் இழு. முள்ளு அவ்வளவா எறங்காது, சத்தம் மட்டும் கொறையும். அர நிமிஷந்தானே, ஒண்ணும் ஆவாது லா."

ஆகும் என்று எனக்குத் தெரியும். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், அப்புறம்தான் புரொப்பெல்லர். மாற்றிச் செய்தால், பாரம் ஏற்றிய லோரியை மேட்டில் நாலாம் கியரில் ஏற்றுவது போல இஞ்சின் உள்ளுக்குள்ளே அடிவாங்கும். விமானத்தில் கைவைக்கும் எவனுக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. தங்கச்சி சந்தோஷப்படுவாளே என்று நான் அதைத் தூக்கிப் போட்டேன்.

எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. நவம்பரில் ஒரு சாயங்காலம் புந்தோங்குக்கு மேலே சத்தம் குறைந்தது. கத்தரின் உலை வைத்தாள். சத்தம் மறுபடி ஏறவில்லை. அவள் அரிசி களைந்துகொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. அலெக்சாண்டர் வீடுகள் இல்லாத பக்கமாகத் திருப்பி, லகாட்டில் ஈயம் தோண்டித் தண்ணீர் தேங்கிய ஒரு பழைய குட்டையில் விமானத்தை இறக்கினான். தவ்கே கால் முறிந்து பிழைத்தார். இவன் உடலை மறுநாள்தான் வெளியே எடுக்க முடிந்தது.

அன்று நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் நின்றபோது கத்தரின் வாசலுக்கு வந்து, "சோறு வடிச்சாச்சு, அவரு எங்கண்ணே?" என்றாள்.

இஞ்சினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்திருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் என்னிடம் நிறையக் கேட்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் தவ்கே என்னிடம் தனியாகச் சொன்னார். புந்தோங்குக்கு மேலே அலெக்சாண்டர் நீலக் கைப்பிடியை நன்றாகப் பின்னால் இழுத்தானாம். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துச் சிரித்தானாம். அந்தச் சிரிப்பு மாறுவதற்குள் இஞ்சின் உடைந்ததாம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, நானும் கத்தரினும் மட்டும் அடுப்படியில் இருந்தோம். அவன் வழக்கமாக வரும் நேரத்துக்கு அவள் உலை வைத்திருந்தாள். முப்பது நாளும் அப்படித்தான் வைத்தாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்குச் சத்தம் கொறஞ்சிச்சே, அது அவரு கொறச்சதா, இல்ல இஞ்சின் தானா கொறஞ்சதா?"

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் சொல்லிக்கொடுத்த வழியையும் சேர்த்து. அதற்குள் அவளே பேசினாள்.

"காலையில நாந்தான் அவருகிட்டச் சொன்னேன். போன தடவ சரியா கேக்கல, இன்னிக்கு நல்லா கொறைங்கன்னு."

இவள் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"தானா கொறஞ்சது. மச்சான் கைப்பிடியத் தொடவே இல்ல."

அவள் நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"தொடவே இல்லியா?"

"இல்ல."

"அப்ப என்னைக் கூப்புடல. கடைசியா என்னைக் கூப்புட்டுட்டுதான் போனாருன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேண்ணே. அத வச்சுத்தான் ராவுல தூங்குறேன்."

அவன் கீழே பார்த்துச் சிரித்ததைச் சொல்ல வாய் திறந்தேன். அதைச் சொன்னால், அப்போது எதை இழுத்தான், யார் இழுக்கச் சொன்னது என்பதும் வரும். வாயை மூடிக்கொண்டேன். அவளுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான்.

கத்தரின் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். உலையை இறக்கிக் கீழே வைத்தாள். அரிசி பாதிதான் வெந்திருந்தது.