பதினேழாம் நம்பர் ஸ்லைடு

பார்த்ததை வரையுங்கள், புத்தகத்தில் இருப்பதை வரையாதீர்கள். திருச்சியில் எம்.எஸ்ஸி. விலங்கியல் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கேட்டால்தானே. அதனால்தான் 1961இல், ஒரு செல்லை வரைய வேண்டிய இடத்தில் இருதயமேரி இரண்டை வரைந்து வந்தபோது, சிவப்பு மையில் முட்டை போட்டு நோட்டை விட்டெறிந்தேன்.

அவள் அழவில்லை. "பார்த்ததைத்தான் சார் வரைஞ்சேன். நீங்களே ஒரு தடவை பாருங்க" என்றாள்.

அதுதான் என்னால் முடியாத காரியம். அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்லைடில் இருப்பது என் மனைவி மயிலம்மாளின் கழுத்துக் கட்டி. அதை அவள் தொட்டுக் காட்டியபோது, பரீட்சைத் தாள் திருத்தி முடியட்டும் என்றேன். முடிவதற்குள் காலம் கடந்துவிட்டது. சோதனைக்கு வெட்டிய துணுக்கைப் புத்தூர் டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்தேன். செல் பிரிவதைக் காட்ட அதைவிட நல்ல ஸ்லைடு கிடையாது. பிரியத் தொடங்கும்போதே செத்துப்போன ஒரு செல்லைச் சுற்றி மையால் வட்டம் போட்டேன். அதோடு சரி. நான்கு வருஷமாக மாணவர்கள்தான் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை.

அன்று மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன். வட்டத்துக்குள் இரண்டு செல்கள் இருந்தன.

பீரோவிலிருந்து பழைய ரெக்கார்டு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். ஐம்பத்தெட்டில் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்றன. ஐம்பத்தொன்பதில் இரு பக்கமும் விலகியிருந்தன. அறுபதில் செல்லின் இடுப்பு ஒடுங்கியிருந்தது. கவனக்குறைவு என்று அத்தனை பேரையும் திட்டி, நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மருந்தில் ஊறி, சாயமேறி, கண்ணாடிக்கு நடுவே ஒட்டிய செல் அசையாது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாததை அந்தப் பெண்ணிடம் சொல்லி, மயிலு உயிரோடிருக்கிறாள் என்று உளறினேன்.

அவள் இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். "உயிரோட இருக்கிறது அவங்க இல்ல சார். அவங்களைக் கொன்னது."

முழு மதிப்பெண் போட்டு அனுப்பினேன். உடைத்துவிட வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு முறை ஸ்லைடோடு கையை வெளியே நீட்டினேன். ஆனால் மயிலு விட்டுப்போனதில் எனக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

இப்போது தினமும் காலையில், காப்பிக்கு முன்னால் வீட்டிலேயே பார்க்கிறேன். வருஷக் கணக்கில் நகர்ந்தது, நான் பார்க்கத் தொடங்கியதிலிருந்து அவசரப்படுகிறது. இன்று எட்டு. நான் போட்ட வட்டம் போதவில்லை.