வலது சக்கரத்தின் இரண்டு போல்ட்டுகள்

இன்று காலை ஆறே முக்காலுக்கு, மெக்கானிக் மாலை வகுப்பின் பயிற்சிப் பதிவேட்டை எழுத உட்கார்ந்தேன். நேற்று அண்ணியின் பழைய பிக்கப் வண்டிக்கு முன் சக்கர பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்றியிருந்தேன். வகுப்புக்கு வெளியே நான் தனியாகச் செய்த முதல் வேலை. ஒவ்வொரு வேலையையும் செய்யும்போதே தாளில் எழுதி, முடிந்ததும் டிக் போடுவேன். என் நினைவை நான் நம்புவதில்லை.

பழைய டிஸ்க்குகள் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனுக்கும் கீழே தேய்ந்திருந்தன, டிக். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்தது, டிக். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு பெரிய போல்ட்; கழன்றால் அந்தப் பக்கம் பிரேக் இல்லை. இரு பக்கமும் கையால் திருகியது; டிக். இடது பக்கம், சரியான இறுக்கம் வந்ததும் சத்தம் தரும் டார்க் ரெஞ்சில் ‘கிளிக்’ வரும்வரை முறுக்கியது, டிக்.

வலது பக்கம் முறுக்கியது என்ற வரிக்கு எதிரே ஒன்றுமில்லை.

டிக் போட மறந்தேனா, முறுக்கவே மறந்தேனா? போல்ட் தலையில் வெள்ளைக் கோடு இழுத்தது நினைவிருந்தது. முறுக்கிய பிறகுதான் கோடு என்பது வகுப்பில் விதி. ஒரு நொடி நிம்மதி. பிறகுதான் மற்றதும் நினைவுக்கு வந்தது. பெயிண்ட் புட்டியில் அடிவண்டல்தான் மிச்சம் இருந்தது. காய்ந்துவிடப் போகிறதே என்று, இடது பக்கம் முடித்த கையோடு நான்கு போல்ட்டிலும் கோடு இழுத்துவிட்டேன். அதற்குள் டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து கோட்டைப் பார்த்தேன், முடிந்தது என்று சக்கரத்தை மாட்டினேன்.

துவைக்கும் கொட்டகைக்கு ஓடினேன். அண்ணன் ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

“அண்ணி எங்கண்ணா?”

“இப்பதான் கிளம்பினா. புது பிரேக் போட்டாச்சுல்லன்னு நாப்பது மூட்டை ஏத்திட்டா. ஏன், பேயறஞ்ச மாதிரி நிக்கிற?”

“ஒரு சின்ன சந்தேகம். ஸ்கூட்டர் சாவி குடு.”

சின்ன சந்தேகம். அப்படித்தான் சொன்னேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் சலவைக் கடை மலை மேலே. விடுதிகள் எல்லாம் கீழே. நடுவில் பதினோரு கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டும்போது அண்ணி போனை எடுக்க மாட்டார். நீள ரிங் ஸ்பேனரைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றாவது வளைவில் வண்டி கண்ணில் பட்டது. ஹாரனை அழுத்தப் போன கட்டைவிரல் அப்படியே நின்றது. ஹாரன் கேட்டால் அண்ணி என்ன செய்வார்? நிறுத்துவார். நிறுத்த எதை மிதிப்பார்?

சத்தமே போடாமல் பின்னால் போனேன். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. எரியும்போதெல்லாம் மூச்சை நிறுத்தினேன், அணைந்ததும் விட்டேன். நான்காவது. ஐந்தாவது. இடது பக்கம் தடுப்புச் சுவர் இடுப்பளவுகூட இல்லை. வலது முன் சக்கரத்தின் பக்கம் ஏதோ டக் டக்கென்று கேட்டது. என் ஸ்கூட்டரின் சத்தமாகவும் இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது வளைவு தாண்டியதும் சாலை கொஞ்சம் மேலேறி, வண்டிகள் சூடு ஆற நிற்கும் சமதளத்துக்கு வரும். ஏற்றத்தில் வேகம் தானாகச் செத்தது. அப்போதுதான் ஹாரனை அடித்தேன். வண்டி மெல்ல ஓரம் கட்டி நின்றது.

அண்ணி தலையை நீட்டினார். “என்ன இன்ஜினியரம்மா, பிரேக் வேலை செய்யுதான்னு பாக்க வால் பிடிச்சே வந்துட்டியா?”

“அண்ணி, ஹேண்ட்பிரேக் போடுங்க. ஸ்டீயரிங்க முழுசா ஒடிங்க.”

“ஏண்டி, என்னாச்சு?”

“போடுங்க அண்ணி!”

சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, ஒடித்த சக்கரத்தின் பின்னால் கையை விட்டேன். மேல் போல்ட் கால் சுற்று சுற்றியது. கீழ் போல்ட் பாதி வெளியே வந்து நின்றது. ஸ்பேனர் தேவைப்படவில்லை, விரலே போதுமாக இருந்தது.

அண்ணி இறங்கி வந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“நான்தான் அண்ணி. முறுக்காம விட்டுட்டேன்.”

அவர் தடுப்புச் சுவருக்கு அப்பால் கீழே தெரிந்த கூரைகளைப் பார்த்தார். பிறகு, “முறுக்கு,” என்றார். ஸ்பேனரைக் காலால் மிதித்து, உடம்பு எடை முழுவதையும் போட்டு முறுக்கினேன். “அந்தப் பக்கமும் பாரு.” இடது பக்கம் அசையவில்லை. “இன்னொரு தடவை ரெண்டும்.” பார்த்தேன். இரவல் வாங்கிய டார்க் ரெஞ்சை நேற்றே வகுப்பில் திருப்பிக் கொடுத்திருந்தேன். கிளிக் சத்தம் இல்லாமல் எனக்கு உறுதி வரவில்லை. அதையும் சொன்னேன்.

“கீழ ஒர்க்ஷாப்புல சரிபாத்துக்கலாம். ஸ்கூட்டர மூட்டை மேல ஏத்து. நீ என் பக்கத்துல உக்காரு.”

“நானா?”

“பின்ன? நீ முறுக்கினது. நீயும் வா.”

இரண்டாவது கியரில் ஊர்ந்தோம். இன்னும் ஐந்து வளைவுகள். அண்ணி பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் என் வலது காலும் வெறும் தரையை அழுத்தியது. ஒன்பதாவது வளைவில் அவர் அதைப் பார்த்துவிட்டார்.

“நல்லா மிதி,” என்றார், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நானும் அதத்தான் பண்றேன்.”