அரைச் சுற்று

பாஸ்டரின் மூக்கில் கண் பரிசோதனைச் சட்டத்தை மாட்டி, இடது கண்ணை மறைத்த பிறகுதான் கண்ணாடிக்கடைக்காரர் கேள்வியை எடுத்தார். ஆள் எழுந்து ஓட முடியாத நேரம் பார்த்துப் பேசுவது அவருடைய தொழில் புத்தி.

"பாஸ்டர், மனசுல ஆசை வந்தாலே பாவமா, இல்ல செஞ்சாத்தான் பாவமா?"

"யாருக்குண்ணே ஆசை?"

"ஒரு வாடிக்கையாளருக்கு. கீழ் வரி தெரியுதா?"

"மங்கலா இருக்கு."

"அவருக்கும் அப்படித்தான் இருக்காம்."

பாஸ்டர் சிரித்தார். இறையியல் படிப்பு முடித்த சூடு ஆறாத வயசு. "ஆண்டவருக்கே சோதனை வந்துச்சேண்ணே. அவர் பாவம் செஞ்சாரா? கதவைத் தட்டறவன் தட்டிட்டுப் போறான். நாம திறந்தாத்தான் தப்பு."

"இச்சையோட பார்த்தாலே முடிஞ்சதுன்னும் அவரே சொல்லியிருக்காரே?"

"கண்ணுல படறது வேற, பார்க்கணும்னே பார்க்கறது வேற. மனசு எங்க சம்மதிக்குதோ அங்க பாவம் ஆரம்பிக்குது."

"அந்த இடம் எப்படித் தெரியும்?"

"அது அவங்கவங்களுக்குத் தெரியும்ணே. ஆங், இப்ப பளிச்சுனு இருக்கு."

கடைக்காரருக்கும் பளிச்சென்றுதான் இருந்தது. அவருடைய சம்மதம் இருந்த இடம் ஒரு ஸ்குரூவின் அரைச் சுற்று.

நாள் முழுக்க அடுத்தவர் கண்ணை ஒரு சாண் தூரத்தில் பார்ப்பவர் அவர். பார்வையே பாவமென்றால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். இத்தனை காலமும் கண் என்பது அவருக்கு வெறும் பவர் நம்பர். நூலகத்தில் வேலை பார்க்கும் அந்தக் கைம்பெண் வந்த அன்று, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துச் சரிபார்த்தபோது அவள் கூச்சத்தில் சிரித்துவிட்டாள். இவருக்கு நம்பர் மறந்துபோயிற்று.

அதுவரை தட்டியவன் தட்டினான், அவ்வளவுதான். அடுத்து நடந்ததுதான் வினை. கம்பியைச் சட்டத்தோடு சேர்க்கும் எள்ளளவு ஸ்குரூவை இறுக முறுக்கியவர், பிறகு நிதானமாக, தெரிந்தே, அரைச் சுற்றுத் தளர்த்தினார். கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கும். அவள் வருவாள்.

வந்தாள். "என்னங்க இது, திரும்பத் திரும்பக் கழண்டுக்குது?"

"வெளிநாட்டுச் சரக்கும்மா. நம்ம மூக்கு அதுக்குப் பிடிக்கலை."

சிரித்தாள். முறுக்கினார். தளர்த்தினார். விரல் நகம்கூடத் தவறான இடத்தில் பட்டதில்லை. ஆனாலும் அவள் வரவேண்டிய நாள் நெருங்க நெருங்க, அவர் முகச்சவரம் மட்டும் தவறாமல் நடந்தது.

வீட்டில் மனைவி படுக்கையில். பக்கவாதம் இடது பாதியை எடுத்துக்கொண்டு, வாயாடித்தனத்தை முழுசாக விட்டுவைத்திருந்தது. குளிப்பாட்டி, ஊட்டி, சிரிக்கவைத்து எல்லாம் இவர்தான். சபையில் அவரை உதாரணமாகச் சொல்வார்கள். அப்போதெல்லாம் அவர் வெளியே வந்து செருப்பைத் தேடுவார்.

மாதம் ஒருமுறை பாஸ்டர் வீட்டுக்கே அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொண்டுவருவார். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுப்பார்கள். மனசாட்சி உறுத்துகிறவர் அப்பத்தை எடுக்காமல் தட்டைக் கடந்துபோகவிடுவது அவர்கள் சபை வழக்கம். ஏனென்று யாரும் கேட்கமாட்டார்கள். கவனிக்காமலும் இருக்கமாட்டார்கள். போன இரண்டு தடவை கடைவேலை என்று தப்பித்தாயிற்று. இந்த ஞாயிறு மனைவியோடு உட்கார்ந்து, கை கூசாமல் அப்பத்தை எடுத்தே ஆகவேண்டும். அதற்கு, அந்தக் கைம்பெண் அடுத்து வரும்போது ஸ்குரூவை முழுசாக முறுக்கினால் போதும் என்று கணக்குப் போட்டார்.

வெள்ளிக்கிழமை நூலகத்து அம்மா வந்தாள். கண்ணாடி அசையவில்லை.

"எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்காரர் முறுக்கிக் கொடுத்துட்டார். துடைக்கிற துணி வாங்க வந்தேன். தப்பா நினைக்காதீங்க ஐயா, உங்களுக்குக் கை நடுங்குது போல. எங்கப்பாவுக்கும் உங்க வயசுலதான் ஆரம்பிச்சுது. ஒரு டாக்டரைப் பாருங்க."

அவரும் சிரித்துவைத்தார். சோதனை தானே கால் முளைத்துப் போய்விட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தெருமுனை திரும்பும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருஷம் பவர் மாறும், வில்லையைக் கொஞ்சம் தப்பாக வெட்டினால் என்று மனசு கேட்டபோதுதான் அவருக்கு விளங்கியது. அவர் நிறுத்தவில்லை. வாட்ச் ரிப்பேர்காரன் நிறுத்தியிருக்கிறான்.

ஞாயிறு மத்தியானம் பாஸ்டர் கட்டிலருகே சின்னக் கிண்ணங்களை எடுத்துவைத்தார். மனைவியின் கண்ணாடி மூக்கு நுனிக்குச் சரிந்தது. வலது கையால் தள்ளிவிட்டுக்கொண்டாள். கம்பி சட்டத்தோடு சேரும் ஓரத்தில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது.

"இதை யார் கட்டினா?"

"பாஸ்டர்தான், போன மாசம். கண்ணாடிக்காரர் வீட்டுலயே இந்த லட்சணமான்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்."

போன மாதம். தினமும் அந்த முகத்தைத் துடைத்துவிட்டவர் அவர்தான்.

ஜெபம் முடிந்தது. அவள் அப்பத்தை வாயில் வைத்துக்கொண்டாள். தட்டு அவர் பக்கம் வந்தது. கை எழுந்தது. பாதியில் நின்று மடியில் விழுந்தது. தட்டு அங்கேயே காத்திருந்தது.

"அவருக்குக் காலையிலேருந்து வயிறு சரியில்லை பாஸ்டர். நீங்க முடிங்க."

காலையில் இருவரும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டிருந்தார்கள். அப்பம் இன்னும் அவள் நாக்கில் கரைந்திருக்காது.

பாஸ்டர் போனபின் அவர் சின்னத் திருப்புளியை எடுத்துவந்தார். அவள் கண்ணாடியைக் கழற்றி நூலை அறுத்தார்.

"கடைக்கு வர்ற எல்லாரையும் பத்திச் சொல்லுவீங்க" என்றாள். "நூலகத்து அம்மா கதை மட்டும் நின்னுபோச்சு."

"ஒண்ணும் நடக்கலைம்மா."

"தெரியும். நடந்திருந்தா நிறுத்தியிருக்க மாட்டீங்க. ஏதாவது கதை கட்டிச் சொல்லியிருப்பீங்க."

"பாஸ்டர்கிட்ட கேட்டேன். ஆசை வர்றது பாவமில்லையாம்."

"அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

எந்த நாளும் அவள் சொல்வதற்குச் சிரித்துவிடுகிறவர் அவர். இன்று முடியவில்லை. ஸ்குரூவைத் திருகினார். ரொம்ப நாள் ஆடியாடி மரை தேய்ந்திருந்தது. பிடிமானம் இல்லாமல் சுற்றியது.

"ஏங்க, போயிட்டீங்களா?"

கண்ணாடி இல்லாத அவள் பார்வை அவரைத் தேடி, பக்கத்து அலமாரியில் போய் நின்றது. இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை. விரல் மட்டும் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருந்தது.