பேர் இல்லப்பா

பல்லாவரம் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் கோயிலின் ஆபீஸ் அறையில், கல்யாண ரிஜிஸ்டரைப் புரட்டிய கொஞ்ச நேரத்திலேயே பெயர்கள் கிடைத்துவிட்டன. மாப்பிள்ளை தேவசகாயம், ரயில்வே வேலை. பெண் அன்னபாக்கியம். கீழே சாட்சிகளின் கையெழுத்து, ஆயரின் கையெழுத்து. ஷீலா போனில் படம் எடுத்துக்கொண்டாள். அப்பா குடும்ப வரலாறு எழுதுகிறார். தன் தாய் தகப்பனின் கல்யாணப் பதிவுக்காகத்தான் அவளை அனுப்பியிருந்தார். மூட்டுவலியோடு அவரால் அலைய முடியாது.

சிட்லபாக்கத்தில் வீட்டு கேட்டைத் திறக்கும்வரை அவளுக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை. அப்பா ஜீவானந்தம் ஹாலிலிருந்தே கேட்டார்.

"கெடச்சுதாம்மா?"

"இல்லப்பா. பேர் இல்லப்பா."

சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்கே சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. ஆனால் திருத்தத் தோன்றவில்லை.

பல வருஷத்துக்கு முன், சிறுசேரியில் அவளோடு வேலை பார்த்த பென்னி, பீர்க்கன்கரணையிலிருந்து தன் பெற்றோரை அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தது இதே ஹாலுக்குத்தான். ஜீவானந்தம் அப்போது சபைச் செயலாளர். பென்னி பிறந்த பிறகுதான் அந்தக் குடும்பம் ஞானஸ்நானம் வாங்கியது என்று தெரிந்தே, "உங்க கல்யாணம் எந்தச் சபையில நடந்துச்சு?" என்று பென்னியின் அப்பா பொன்னுசாமியைக் கேட்டார். அவர் தலைகுனிந்தார். "ரிஜிஸ்டர்ல இல்லாதது கல்யாணமே இல்ல. அதுல பொறந்த புள்ளைக்கு இன்னா பேருன்னு உங்களுக்கே தெரியும்." பென்னியின் அம்மா தனம் எழுந்துகொண்டாள். "ஊரே வந்து சாப்ட்டுச்சு சார் எங்க கண்ணாலத்துல. புக்குல எழுதுனாத்தான் கண்ணாலமா?" என்றாள். ஷீலா காப்பித் தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பென்னி வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய், கல்யாணமும் செய்துகொண்டான். அதன்பின் இவளுக்கு வந்த வரன்களையெல்லாம் அப்பா ஒவ்வொரு குறை சொல்லித் தட்டிக்கழித்தார். தலை நரைத்ததும் வரன் வருவதும் நின்றது.

அடுத்த சனிக்கிழமையும் அப்பா அனுப்பினார். அவள் ஏரிக்கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாள். வேறு சபையில் இருக்கலாம் என்று செங்கல்பட்டுக்கு அனுப்பினார். அன்று தாம்பரத்தில் தனியாக ஒரு சினிமா பார்த்தாள்.

"பக்கம் ஏதாச்சும் கிழிஞ்சிருக்கா?"

"இல்லப்பா. எல்லாப் பக்கமும் சுத்தமா இருக்கு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். தாயின் போட்டோவுக்கு எதிரே உட்காருவதை விட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"எங்கம்மாவ யாரும் ஒரு வார்த்த தப்பா சொன்னதில்ல," என்றார் ஒருநாள்.

"சொல்லிருக்க மாட்டாங்கப்பா. அந்தக் காலத்து ஜனங்க மரியாதையானவங்க."

அவர் முகம் சுருங்குவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த வாரமே, அவள் கஞ்சி கொண்டுவந்து வைத்தபோது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அந்த தனத்தம்மாவ நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது. பென்னிய வேணாம்னதும் தப்பு." எத்தனையோ வருஷமாக அவள் காத்துக்கிடந்த வார்த்தை. வந்தால் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் போதும்.

"கஞ்சி ஆறிடும். குடிங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனை. குற்றத்தை மனதில் வைத்துக்கொண்டு அப்பம் வாங்க வரக்கூடாது என்று ஆயர் வழக்கம்போலச் சொன்னார். அவர்கள் வரிசை எழுந்தது. ஜீவானந்தம் எழவில்லை. வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த லோகநாதன் குனிந்து, "முட்டி வலியா சார்? ஆயர இங்கயே கொண்டாந்து தரச் சொல்லட்டா?" என்று கேட்டார். அவர் தலையை மட்டும் அசைத்தார். வேண்டாம்.

ஷீலா அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். வீங்கிய முழங்கால்களை இரண்டு கைகளாலும் பிடித்து ஒருபக்கம் நகர்த்தி அவளுக்கு வழிவிட்டார். புடவை அவர்மேல் படாமல் ஒதுக்கிக்கொண்டு கடந்துபோனவள், பீடத்தின் முன் முழங்காலிட்டு, ஒரு கையின்மேல் மறுகையை வைத்து நீட்டினாள்.