நோட்டில் இருந்த முகம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருடம் புடாபெஸ்டில் பெங்கோ என்ற பணநோட்டின் நிறம் வாராவாரம் மாறியது, மதிப்பும் மாறியது. அதில் தலைத்துணி கட்டியிருந்த பெண்ணின் முகம் மட்டும் மாறவே இல்லை. அது பிரோஷ்காவின் முகம். அரைக் கிலோ பன்றிக்கொழுப்புக்கு ஆசைப்பட்டு, நோட்டு அச்சகத்து ஓவியர் முன்னால் படத்துக்காக அவள் உட்கார்ந்த பாவம். நோட்டு வெளிவந்ததிலிருந்து வெறுந்தலையோடுதான் வெளியே போவாள்.

அன்று ரொட்டி வரிசையில் நிற்கும்போதே விலை இரண்டு மடங்கானது. முன்னால் நின்ற தடித்த பெண் கையிலிருந்த நோட்டின் மேல் காறித் துப்பினாள்.

"இந்த மூதேவி மூஞ்சி வந்ததிலேருந்துதான் நம்ம வயித்துல மண்ணு! நேர்ல மாட்டட்டும், மயிரைப் பிடிச்சு இழுக்கறேன்!"

"அவ எங்க மாட்டப் போறா? எங்கயாவது வாத்து வறுவல் தின்னுட்டிருப்பா," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்குப் பின்னால் நின்ற பிரோஷ்கா தலை குனிந்துகொண்டாள். தடித்த பெண் திரும்பினாள்.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனே?"

"இ... இல்லீங்க."

முகத்தை மறைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. பையிலிருந்த துணியை உருவி, அவசர அவசரமாகத் தலையைச் சுற்றி, மோவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்டாள்.

சிரிப்பு நின்றது. தடித்த பெண் எச்சில் வழியும் நோட்டை மெதுவாக அவள் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.